ஆண்டுதோறும் ஏன் புதிய ஊசி?
இன்ஃப்ளூயன்சா வைரஸும் அதனைப் பின்தொடரும் தடுப்பூசியும்

ஆடி மாதம் கழிந்து மழைக்காலம் நெருங்கும்போது எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு வினா தவறாமல் எழுகிறது. வயது முதிர்ந்த தாயையோ தந்தையையோ அழைத்து வரும் பிள்ளைகள், "போன வருஷம்தானே ஃப்ளூ ஊசி போட்டோம், இந்த வருஷமும் எதற்கு டாக்டர்?" என்று கேட்கின்றனர். வேறு சிலர், "ஊசி போட்டும் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டதே" என்று வருந்துகின்றனர். இரண்டும் நியாயமானவையே. தட்டம்மைக்குக் குழந்தைப் பருவத்தில் போடும் ஊசி பல்லாண்டுகள் காக்கிறது. இன்ஃப்ளூயன்சாவுக்கு மட்டும் ஏன் இந்த ஆண்டுச் சந்தா? இதற்குரிய விடை சற்று நீளமானது. வாசலில் அடுத்த நோயாளி காத்திருக்கும்போது சொல்லி முடிக்க இயலாதது. ஆதலால் அதனை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தை நீக்கிவிடுவோம். மூக்கொழுகலும் தும்மலுமாக மூன்று நாள் வந்து போகும் சளி இன்ஃப்ளூயன்சா அன்று. அதற்கு வேறு வைரஸ்கள் காரணம். இன்ஃப்ளூயன்சா பெரும்பாலும் திடீரெனத் தாக்கும். காலையில் வேலைக்குச் சென்றவர் மாலையில் கடுங்காய்ச்சல், உடல்வலி, வறட்டு இருமலோடு படுத்துவிடுவார். இளவயதினருள் பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தேறிவிடுவர். முதியோர், கருவுற்ற பெண்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், நீரிழிவு, ஆஸ்துமா, இதயநோய், சிறுநீரக நோய் உடையோர் ஆகியோருக்கு அது நிமோனியாவாக முற்றக்கூடும். "சளி ஊசி" என்று எண்ணிப் போட்டுக்கொண்டவர் அடுத்த மாதம் சளி பிடித்ததும் ஏமாற்றம் அடைகிறார். இவ்வூசி சளிக்கானது அன்று.

எட்டு ஏடுகள் கொண்ட சுவடி

இன்ஃப்ளூயன்சா வைரஸின் மரபுப்பொருள் ஒரே நீண்ட இழையாக இல்லை; எட்டுத் துண்டுகளாக உள்ளது. அதனை எட்டு ஏடுகள் கொண்ட ஒரு சிறு ஓலைச்சுவடியாக எண்ணிக்கொள்ளலாம். வைரஸ் நம் சுவாசப்பாதையின் உயிரணுவுக்குள் புகுந்ததும் அச்சுவடி ஆயிரக்கணக்கில் படியெடுக்கப்படுகிறது. படியெடுப்பவர் பிழை செய்தால் திருத்துவார் எவரும் அங்கில்லை. எழுத்துப் பிழைகள் மலிகின்றன. பெரும்பாலான பிழைகள் வைரஸுக்கே கேடாய் முடிகின்றன. ஒரு சில, அதன் மேற்பரப்பில் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்களைச் சற்றே மாற்றிவிடுகின்றன. அப்புரதங்கள் இரு வகை: ஒன்று ஹீமக்ளுட்டினின், மற்றது நியூராமினிடேஸ். எச்1என்1, எச்3என்2 என்னும் பெயர்களில் வரும் 'எச்', 'என்' ஆகிய எழுத்துகள் இவற்றையே குறிக்கின்றன.

நம் உடல் வைரஸை அடையாளம் காண்பது முக்கியமாக இம்முட்களைக் கொண்டுதான். முள் மாறினால், சென்ற ஆண்டு பெற்ற எதிர்ப்பாற்றல் வைரஸை முழுதும் அறிந்துகொள்வதில்லை. ஊசியால் வந்த எதிர்ப்பாற்றலும் சில மாதங்களில் படிப்படியாகக் குறைகிறது. ஆண்டுதோறும் ஊசி போடுவதற்குக் காரணம் இவ்விரண்டே.

இதனினும் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. இரு வேறு சுவடிகள் ஒரே வீட்டில் அவிழ்ந்து விழுந்து, ஏடுகள் கலந்து புதிய சுவடியாகக் கட்டப்பட்டால் என்ன ஆகும்? மனித வைரஸும் பறவை வைரஸும் ஒரே உயிரணுவுக்குள் ஒரே நேரத்தில் நுழையும்போது அதுவே நிகழ்கிறது. இருவகை வைரஸ்களுக்கும் இடங்கொடுப்பதால் பன்றியின் உடல் இக்கலப்புக்கு வாய்ப்பான வீடாக அமைகிறது. அவ்வாறு பிறக்கும் வைரஸின் முள்ளை மனித குலத்தில் பெரும்பாலோர் முன்பு கண்டிருக்கமாட்டார்கள். உலகளாவிய பெருந்தொற்றுகள் பலவும் இவ்வகையில் தோன்றியவையே.

1957: கப்பலில் வந்த காய்ச்சல்

அத்தகைய ஒரு வைரஸ் இந்தியாவுக்குள் நுழைந்த வாயில் நம் சென்னைத் துறைமுகமே என்பதை இன்று அறிந்தோர் குறைவு. ரஜுலா முதலிய கப்பல்கள் சிங்கப்பூர், பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. 1957ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனாவில் தோன்றிய எச்2என்2 வைரஸ், ஏப்ரலில் ஹாங்காங்கையும் பின்னர் சிங்கப்பூரையும் தாக்கியது. மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்த ஒரு கப்பலில் காய்ச்சலுற்ற பயணிகள் இருந்தனர். அங்கிருந்து நோய் நகரத்துக்குள்ளும், சில வாரங்களில் நாடு முழுவதற்கும் பரவியது. 1957 மே முதல் 1958 பிப்ரவரி வரை இந்தியாவில் 44 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகவும், ஆயிரத்துக்குச் சற்று அதிகமானோர் இறந்ததாகவும் பதிவுகள் கூறுகின்றன. பதிவேட்டில் ஏறாதவை இதனினும் பன்மடங்கு இருந்திருக்கும். அந்நாளில் இந்தியாவின் இன்ஃப்ளூயன்சா ஆய்வு மையம் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இயங்கியது. சென்னையில் தொடங்கிய நோயின் வரலாற்றை விரிவாகப் பதிவு செய்ததும் அம்மையமே.

அதே ஆண்டில் அமெரிக்காவில் மாரிஸ் ஹில்லிமன் என்னும் அறிவியலாளர், ஹாங்காங்கில் மருத்துவமனைகளின் முன் மக்கள் குழந்தைகளோடு காத்துக் கிடப்பதை ஏப்ரல் மாத நாளிதழ்ச் செய்தியொன்றில் கண்டார். இது புதிய வைரஸாக இருக்கக்கூடும் என ஐயுற்று, அங்கிருந்து மாதிரியை வரவழைத்து ஆராய்ந்தார். மிகச் சில முதியோரைத் தவிர எவர் இரத்தத்திலும் அதற்கு எதிர்ப்பாற்றல் இல்லை என்று தெரிந்தது. உடனே மருந்து நிறுவனங்களை அணுகித் தடுப்பூசி தயாரிக்கத் தூண்டினார். கருவுள்ள முட்டைகள் ஏராளமாய்த் தேவைப்படும் என்பதால், சேவல்களைக் கொன்றுவிடவேண்டாம் எனப் பண்ணையாளர்களுக்குச் சொல்லச் செய்தார் என்பதும் அவர் வரலாற்றில் இடம்பெறும் ஒரு சுவையான செய்தி. அவ்வாண்டின் பிற்பகுதியில் ஏறத்தாழ 4 கோடி ஊசிகள் ஆயத்தமாயின. ஒரு பெருந்தொற்றை முன்னரே கணித்துத் தடுப்பூசி செய்த முதல் நிகழ்வு அது. இவ்வளவு விரைந்தும், சென்னைக்கு அந்த வேகம் போதவில்லை. ஊசி உருவாகுமுன் நோய் இங்கு வந்துவிட்டது.

2009: கிண்டியில் ஒரு சோதனைக்கூடம்

ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரும் அதே கதை வேறு வடிவில் நிகழ்ந்தது. 2009 ஏப்ரலில் மெக்சிகோவிலும் கலிபோர்னியாவிலும் ஒரு புதிய எச்1என்1 வைரஸ் கண்டறியப்பட்டது. அதன் எட்டு ஏடுகளும் பன்றிகளிடையே சுற்றிய வைரஸ்களிலிருந்து வந்தவை. அவற்றுள்ளும் பறவை, மனித வைரஸ்களின் பழைய ஏடுகள் கலந்திருந்தன. ஆதலால் அதற்குப் 'பன்றிக் காய்ச்சல்' என்று பெயர் வழங்கலாயிற்று. (பன்றி இறைச்சி உண்பதால் இந்நோய் வருவதில்லை. பெயர் மட்டும் இன்றளவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இதனைப் பெருந்தொற்றாக அறிவித்தது. ஆகஸ்டு தொடக்கத்தில் இந்தியாவின் முதல் இறப்பு புனேயில் நேர்ந்தது; அடுத்த சில நாட்களில் சென்னையில் ஒரு சிறுவன் உயிரிழந்தான்.

அந்நாட்களில் தமிழகத்தின் கவனமெல்லாம் நமக்கு அருகிலுள்ள ஓர் இடத்தின்மேல் குவிந்திருந்தது. ஆதம்பாக்கத்திலிருந்து கத்திப்பாரா மேம்பாலத்தைக் கடந்தால் சிறிது தொலைவில் கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிலையம் உள்ளது. சென்னை மாகாணத்துக்குப் பெரியம்மைத் தடுப்பு மருந்து தயாரிப்பதற்கென 1899இல் தொடங்கப்பட்ட அந்நிலையம், அக்காலச் சுகாதார ஆணையரான கர்னல் கிங் என்பாரின் பெயரைத் தாங்கியது. நோயாளிகளின் தொண்டையிலும் மூக்கிலும் எடுக்கப்பட்ட சளி மாதிரிகள் அங்கு சென்றன. வைரஸ் உண்டா இல்லையா என்ற முடிவு அங்கிருந்து வந்தது. எங்கள் வாசகர்களுள் பலர் அவ்வழியே நாள்தோறும் பேருந்தில் செல்பவர்கள். அம்மதில்களுக்குள் நடந்த பணியை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

தடுப்பூசி எப்போது வந்தது? வெளிநாட்டு ஊசிகளை இறக்குமதி செய்து முதலில் சுகாதாரப் பணியாளர்களுக்கு வழங்கினர். உள்நாட்டில் அகமதாபாத்தின் சைடஸ் காடிலா நிறுவனம் முட்டையில் வளர்த்த ஊசியை 2010 ஜூனில் வெளியிட்டது. புனேயின் சீரம் நிறுவனம் மூக்கில் தெளிக்கும் மருந்தை அடுத்த மாதம் கொணர்ந்தது. ஐதராபாத்தின் பாரத் பயோடெக், முட்டையின்றி உயிரணு வளர்ப்பு முறையில் செய்த ஊசியை அவ்வாண்டிலேயே அளித்தது. ஒரே ஆண்டில் மூன்று வெவ்வேறு முறைகளில் மூன்று இந்தியத் தடுப்பு மருந்துகள்: இது பெருமைக்குரிய செயலே. ஆனால் வைரஸ் இந்தியாவுக்கு வந்தது 2009 மே மாதத்தில். அரசின் கணக்கின்படி 2009இல் 981 பேரும் 2010இல் 1,763 பேரும் இந்நோயால் இறந்தனர். முதல் அலைக்கு ஊசி இல்லை. அடுத்த அலை எழுந்தபோதுதான் ஊசி கடைக்கு வந்தது.

அப்போது ஒரு வியப்பையும் கண்டோம். இளைஞர்களையும் கருவுற்ற பெண்களையும் கடுமையாகத் தாக்கிய அவ்வைரஸ், அறுபது வயதைக் கடந்தோரை ஓரளவு விட்டுவைத்தது. 1918ஆம் ஆண்டின் வைரஸுக்கு வழித்தோன்றலான பழைய எச்1என்1 வகை, 1957இல் எச்2என்2 வந்ததும் மறைந்துபோனது. அதற்குமுன் பிறந்தவர்கள் இளமையில் அதனை எதிர்கொண்டிருந்தனர். அரை நூற்றாண்டுக்கு முந்தைய நினைவு அவர்கள் இரத்தத்தில் எஞ்சியிருந்தது.

2010 ஆகஸ்டில் பெருந்தொற்று முடிந்ததாக அறிவிக்கப்பட்டதும் பலர் அந்நோயை மறந்தனர். வைரஸோ ஆண்டுதோறும் வரும் காய்ச்சலாக நம்மிடையே தங்கிவிட்டது. 2015இல் மட்டும் நாட்டில் 42,592 பேருக்கு அது உறுதி செய்யப்பட்டது. 2,990 பேர் இறந்தனர். பெருந்தொற்று ஆண்டைக் காட்டிலும் மும்மடங்கு இறப்பு, பெருந்தொற்று முடிந்து ஐந்தாண்டுகளுக்குப் பின்!

முட்டைக்குள் வளரும் மருந்து

தடுப்பூசி தயாரிக்க ஏன் இவ்வளவு காலம்? உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்கள் ஆண்டு முழுதும் நோயாளிகளின் மாதிரிகளை ஆராய்கின்றன. 1952 முதல் இயங்கும் இவ்வலையமைப்பில் புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனமும் அடங்கும். இவ்விவரங்களைக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும், செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும் உரிய வைரஸ்களைத் தேர்ந்தெடுக்கிறது. ஆறு மாதங்களுக்குப் பின் எந்த வைரஸ் பரவும் என்பதை இன்றே கணிக்கும் வேலை இது. மாதிரி எடுக்க வேண்டும் என மருத்துவர் சொல்லும்போது, "மாத்திரை கொடுத்தால் போதாதா?" என்று தயங்குவோர் உண்டு. அம்மாதிரிகளின்றி இக்கணிப்பே இல்லை.

தேர்ந்தெடுத்த வைரஸை, முட்டையில் நன்கு வளரும் வேறொரு பழைய ஆய்வக வைரஸோடு கலந்து, முள் புதியதாகவும் ஏனைய ஏடுகள் பழையனவாகவும் அமையுமாறு ஒரு வித்து வைரஸை உருவாக்குகின்றனர். பத்து நாள் அளவில் கரு வளர்ந்த கோழிமுட்டைக்குள் அதனைச் செலுத்தி, இரண்டு மூன்று நாட்கள் அடைகாக்கும் வெப்பத்தில் வைக்கின்றனர். கருவைச் சூழ்ந்த நீரில் வைரஸ் பெருகுகிறது. அந்நீரை எடுத்து, வேதிப்பொருளால் வைரஸைச் செயலிழக்கச் செய்து, உடைத்து, தூய்மையாக்கி, முட்புரதத்தைப் பிரித்தெடுக்கின்றனர். ஒவ்வொரு வகைக்கும் 15 மைக்ரோகிராம் வீதம் ஊசிக்குள் செல்வது இதுவே. உயிருள்ள வைரஸ் இவ்வூசியில் இல்லை; எனவே ஊசியால் ஃப்ளூ காய்ச்சல் வருவதற்கு வழியில்லை.

நாமக்கல்லிலிருந்து நம் சமையலறைக்கு வரும் முட்டை இதற்கு உதவாது. சேவலோடு சேர்ந்த கோழி இட்ட, கருவுற்ற முட்டை வேண்டும். அதனையும் தனிக் கண்காணிப்பில் வளர்த்த கோழிகளிடமிருந்து, பல மாதங்களுக்கு முன்பே சொல்லிவைத்துப் பெறவேண்டும். ஒரு வகை வைரஸுக்கு ஏறத்தாழ ஒரு முட்டைக்கு ஒரு ஊசி என்பது பழைய கணக்கு. 2009இன் வைரஸ் தொடக்கத்தில் முட்டையில் சரிவர வளரவே இல்லை. அதனாலும் காலம் கடந்தது. எச்3என்2 வகையோ முட்டையில் வளரும்போதே முட்டைக்கேற்பச் சற்று மாறிவிடுகிறது. அவ்வகை மிகுந்து பரவும் ஆண்டுகளில் ஊசியின் பயன் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். உயிரணு வளர்ப்பு முறையிலும், முட்புரதத்தை மட்டும் தனியே உண்டாக்கும் முறையிலும் செய்த ஊசிகளில் இக்குறை இல்லை. கொரோனா காலத்தில் அறிமுகமான எம்ஆர்என்ஏ முறையை இன்ஃப்ளூயன்சாவுக்குப் பயன்படுத்தும் முயற்சிகளும், முள்ளின் எளிதில் மாறாத தண்டுப் பகுதியைக் குறிவைத்து எல்லா வகைக்கும் பொதுவான ஊசி காணும் ஆய்வுகளும் நடந்து வருகின்றன. இரண்டாவது கனவு நிறைவேறினால் இக்கட்டுரைக்கே தேவை இராது.

விரைவு மட்டுமே நோக்கமாக அமைந்தால் வரும் இடரையும் சொல்லவேண்டும். 1976இல் அமெரிக்க இராணுவ முகாம் ஒன்றில் பன்றி வகை வைரஸ் தோன்றியதும், பெருந்தொற்று வரும் என அஞ்சி ஏறத்தாழ 4.5 கோடிப் பேருக்கு அந்நாட்டு அரசு ஊசி போட்டது. வைரஸ் முகாமைத் தாண்டிப் பரவவே இல்லை. ஊசி போட்டவர்களுள் ஏறத்தாழ லட்சத்தில் ஒருவருக்கு, கைகால் தளர்வை உண்டாக்கும் கில்லன் பாரே நோய் கூடுதலாகக் கண்டது. திட்டம் நிறுத்தப்பட்டது. இன்றைய ஊசிகளில் அவ்வாபத்து மிக அரிது. எனினும் முன்பு அந்நோய் வந்தவர்கள் ஊசிக்கு முன் மருத்துவரிடம் கூறவேண்டும் என்பது அன்று கற்ற பாடம்.

பறவைகளிடம் காத்திருக்கும் வைரஸ்

அடுத்து எது வரும்? எவராலும் உறுதியாகக் கூற இயலாது. மிகுந்த கவலையோடு கண்காணிக்கப்படுவது எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் வைரஸ். 1997இல் ஹாங்காங்கில் 18 பேரைத் தாக்கி அறுவரைக் கொன்றது. இந்தியக் கோழிகளில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. ஆலப்புழை, கோட்டயம் பகுதி வாத்துகளிடையே அது தோன்றும்போதெல்லாம் தமிழக எல்லைச் சோதனைச் சாவடிகளில் வண்டிகளுக்கு மருந்து தெளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2021இல் அரியானாவைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் தில்லியில் இறந்ததே இந்தியாவின் முதல் மனித இறப்பு. 2024இல் அமெரிக்கக் கறவை மாடுகளிடையே அது பரவியது. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ந்து பரவும் ஆற்றலை அது இன்னும் பெறவில்லை.

இவ்வைரஸுக்கு ஊசி செய்ய முயன்றபோது, அது கோழிக்கருவையே கொன்றுவிடுகிறது என்பது தடையாய் நின்றது. முட்புரதத்தில் கொடுமைக்குக் காரணமான சிறு பகுதியை மரபணு நுட்பத்தால் நீக்கி வித்து வைரஸ் உருவாக்கிய பின்னரே வழி பிறந்தது. இன்று சில நாடுகள் அவ்வூசியை இருப்பில் வைத்துள்ளன. பண்ணைத் தொழிலாளர் முதலியோருக்குப் பின்லாந்து 2024இல் போடத் தொடங்கியது. நம் வீடுகளில் செய்யவேண்டியது எளிது: கோழியையும் முட்டையையும் நன்கு வேகவைத்து உண்ணுங்கள், இறந்து கிடக்கும் காக்கையையோ கோழியையோ வெறுங்கையால் தொடாதீர்கள். செய்தி வந்ததும் கோழிக்கறியையே ஒதுக்குவதால் பண்ணையாளர் நட்டமடைவதன்றி வேறு பயன் இல்லை.

சென்னையின் பருவம் வேறு

ஊசி எப்போது போடுவது? வட இந்திய நகரங்கள் பலவற்றில் இன்ஃப்ளூயன்சா தென்மேற்குப் பருவமழையோடு, ஜூலை முதல் செப்டம்பர் வரை மிகுகிறது. சென்னையிலும் வேலூரிலும் அது வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில் உச்சமடைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஊசி போட்டபின் எதிர்ப்பாற்றல் உண்டாக இரண்டு வாரம் ஆகும். எனவே ஆவணி, புரட்டாசிக்குள் போட்டுக்கொள்வது நம் ஊருக்குப் பொருத்தம். அப்போது கிடைப்பவற்றுள் மிக அண்மைய தயாரிப்பைக் கேட்டுப் பெறுங்கள். நான்கு வகை ஊசிக்குப் பதில் மூன்று வகை ஊசி தரப்பட்டால் ஐயுற வேண்டா. நான்காவதான பி யமகட்டா வகை 2020 மார்ச்சுக்குப் பின் உலகில் எங்கும் உறுதியாகக் காணப்படாததால் அதனை நீக்குமாறு உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது.

பொருத்தம் நன்றாக அமைந்த ஆண்டுகளில் இவ்வூசி, மருத்துவரை நாடவேண்டிய அளவுக்கு நோய் வரும் வாய்ப்பை ஏறத்தாழ 40 முதல் 60 விழுக்காடு குறைக்கிறது. நூற்றுக்கு நூறு அன்று. அதனை மறைத்து ஊசியைப் புகழ்வது எங்களுக்கு உடன்பாடில்லை. எனினும் ஊசி போட்ட அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து வீட்டிலேயே தேறினார் என்றால், தீவிர சிகிச்சைப் பிரிவு வரை செல்லாமல் இருந்ததில் ஊசிக்கும் பங்கு இருக்கக்கூடும். நிலவேம்புக் குடிநீர் அருந்துவோரை நாங்கள் தடுப்பதில்லை. ஊசிக்கு அது ஈடாகும் என்று எண்ணிவிடவேண்டாம் என்றே சொல்கிறோம்.

முன்னர்க் குறிப்பிட்ட முதியோர், கருவுற்ற பெண்கள், நாட்பட்ட நோயுடையோர், ஆறு மாதம் நிறைந்த குழந்தைகள் ஆகியோருக்கும், அவர்களைப் பேணுவோருக்கும் இவ்வூசி முதன்மையாகத் தேவை. ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தை முதன்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு ஊசி இல்லை. கருவுற்ற காலத்தில் தாய் போட்டுக்கொண்டதே அதற்குக் காப்பு.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் எல்லாருக்கும் பரிசோதனை தேவையில்லை. லேசான காய்ச்சலுக்கு வீட்டில் ஓய்வும் பாராசிட்டமாலும் போதும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. மேற்சொன்ன பிரிவினர் மட்டும் காத்திராமல் வரவேண்டும். ஓசெல்டமிவிர் மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிகுந்த பயன் தரும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், உதடு நீலமாதல், குழந்தை பால் குடிக்க மறுத்தல் ஆகியவை கண்டால் யாராயினும் இரவென்றும் பாராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். ஊசி போட்ட இடத்தில் வலியும் ஓரிரு நாள் உடம்பு கனத்தலும் இயல்பு. அதற்குமேல் காய்ச்சல் நீடித்தால் ஊசியின்மேல் பழிபோட்டு வீட்டிலிருந்துவிட வேண்டா. இம்மாதங்களில் அது டெங்குவாகவும் இருக்கலாம் என்பதால் இரத்தப் பரிசோதனைக்கு வருவது நல்லது.